ஒரே ஒரு மாணவி இருந்த துறை

எங்கள் துறையின் கடைசி வருடத்தில் மொத்தம் ஒரே ஒரு மாணவிதான். அவளுக்குப் பாடம் நடத்தவும் லேப் திறந்துவிடவும் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: துறைத்தலைவர், நான், லேபைப் பார்த்துக்கொண்ட ஒரு மராட்டிக்காரர். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்த ஒருத்தி பாஸாகிப் போய்விட்டால் துறைக்குப் பூட்டு, எங்கள் மூன்று பேருக்கும் வேலை கிடையாது என்று சொன்ன பிறகுதான் அவர்கள் சிரிப்பை நிறுத்துவார்கள்.

கல்லூரி, சேம்பூரைத் தாண்டி மான்குர்த் போகிற வழியில் இருந்தது. கல்லூரி என்றதும் மரம், புல்வெளி, பெரிய நுழைவாயில் என்றெல்லாம் நினைத்துவிடக் கூடாது. ஓர் ஐந்து மாடிக் கட்டடம், அவ்வளவுதான். வாசல் கேட்டில் பொறியியல், பாலிடெக்னிக், பார்மஸி, மேனேஜ்மெண்ட், இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் என்று வரிசையாக போர்டுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லிஃப்ட், அதுவும் டிரஸ்டி வருகிற நாளில் மட்டும் ஓடும். டிரஸ்டி கட்டடம் கட்டி விற்பவர். எந்த ஏரியாவில் எந்த ஃபிளாட் விலைபோகும் என்று பார்ப்பது போலவே எந்தப் படிப்பு எப்போது விலைபோகும் என்றும் பார்த்தார். பின்னால் இருந்த மைதானத்தைக் கல்யாண சீசனில் வாடகைக்கு விட்டுவிடுவார். மூன்றாவது மாடியில் நான் கன்ட்ரோல் வால்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். கீழே யாருக்கோ மஞ்சள் பூசும் சடங்குக்கு பேண்ட் முழங்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அம்மா கத்தித்தான் பேசுகிறாள் என்று என் பிள்ளைகள் சொல்லும்படி ஆகிவிட்டது.

எங்கள் துறை இன்ஸ்ட்ருமென்டேஷன். ஆலைகளில் சூடு எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, குழாயில் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கவும் கட்டுப்படுத்தவும் சொல்லித்தரும் படிப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்பு நிரம்பி வழிந்தது. சேம்பூர்ப் பக்கத்து ஆலைகளும் தலோஜாப் பக்கத்து ஆலைகளும் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தன. பிறகு ஊரே கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்தது. சேருகிறவர்கள் பாதியானார்கள், கால்வாசியானார்கள், ஒரு வருடம் யாருமே சேரவில்லை. டிரஸ்டி யோசிக்கவே இல்லை. அட்மிஷனை நிறுத்தினார், எங்கள் லேப்களை ஒவ்வொன்றாகக் காலி செய்து செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்குக் கொடுத்தார். கடைசியில் எங்களிடம் மிஞ்சியது ஒரு லேப், ஒரு வகுப்பறை, பிளைவுட் தடுப்பு வைத்த துறைத்தலைவர் அறை.

விதி என்ன என்றால், ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் கடைசி ஆள் படிப்பை முடிக்கும்வரை துறை நடந்தாக வேண்டும். ஆசிரியர் இருந்தாக வேண்டும், லேப் இருந்தாக வேண்டும், ஓரல் என்கிற வாய்மொழித் தேர்வு நடந்தாக வேண்டும். அவளுடன் படித்த மற்றவர்கள் புத்திசாலிகள், வேறு கல்லூரிகளுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்கு அப்போது கேட்டி இருந்தது. மும்பையில் அரியருக்குக் கேட்டி என்று பெயர். கேட்டி வைத்திருக்கும் பிள்ளையை எந்தக் கல்லூரி வா வா என்று கூப்பிடும்? அவள் தங்கிவிட்டாள். அவள் தங்கியதால் நாங்களும் தங்கினோம்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் சந்தில் முதல் எஞ்சினியர் நான், அதற்குப் பிறகு எம்.ஈ.யும் படித்தவள். இப்போது இருப்பது ஆண்டாப் ஹில்லில். என் கணவர் வேலை பார்த்த சேம்பூர் கம்பெனி குஜராத்துக்குப் போனபோது, குடும்பத்தை விட்டுப் போகமாட்டேன் என்று அவர் இங்கேயே இருந்துவிட்டார். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் அவருக்கு ஒழுங்கான வேலை எதுவும் அமையவில்லை. சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது எல்லாம் அவர்தான். வீடு என் சம்பளத்தில் ஓடியது. எனக்கு வேலை போனால் வீட்டில் சம்பளம் என்று எதுவும் வராது. அந்த வருடம் முழுக்க எனக்கு இருந்தது இந்த ஒரே பயம்தான். 

ஒரே ஒரு மாணவிக்கு வகுப்பெடுப்பது எப்படி என்று என்னைக் கேட்கலாம், அனுபவஸ்தி. அறுபது பெஞ்ச் போட்ட அறையில் அவள் முதல் பெஞ்சில் உட்காருவாள், நான் மேடைமேல் நின்றுகொண்டு ‘கிளாஸ்’ என்று ஆரம்பித்து, நானே வெட்கப்பட்டு நிறுத்துவேன். அவள் வந்தால் வருகை நூறு சதவீதம், வராவிட்டால் பூஜ்யம். ஹார்பர் லைன் ரயில் நின்றுபோனால் மொத்த வகுப்பும் லேட். அவள் கொட்டாவி விட்டால் வகுப்பே கொட்டாவி விட்டது என்று அர்த்தம். அவள் வராத நாளில் நான் காலி அறையில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்துக்கொண்டே ஃபோனில் வேலை தேடுவேன். அவள்மேல் கோபம் கோபமாக வரும். வந்துவிட்டாலும் கோபம் வரும். வந்தால் படிப்பாள், படித்தால் பாஸாவாள்.

நல்ல பிள்ளைதான். தாராவிப் பிள்ளை, அவள் அம்மாவும் நம் ஊர்ப் பக்கம்தான். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், வெளியே இந்தி, என்னிடம் இரண்டும் கலந்து பேசுவாள். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். ஒருமுறை என் கையில் இருந்த தமிழ் வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, “மேடம், நீங்க இதை ஃபடாஃபட் படிச்சிருவீங்களா?” என்று அதிசயப்பட்டாள். மற்றபடி கணக்கில் மட்டும் கொஞ்சம் தடுமாறுவாள். எதையும் கையால் செய்யச் சொன்னால் டக்கென்று பிடித்துக்கொள்வாள். வாயைத் திறந்து சொல்லச் சொன்னால் உறைந்துபோவாள். ஓரல் அவளுக்கு எமன்.

“மேடம், டிபார்ட்மென்ட் பந்த் ஆனா உங்களை கம்ப்யூட்டர் பக்கம் மாத்திருவாங்கல்ல?” என்று ஒருநாள் கேட்டாள். பிரின்சிபால் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அப்படித்தான் சொல்லியிருந்தார், யாரையும் கைவிட மாட்டோம், வேறு துறைகளில் இணைத்துக்கொள்வோம் என்று. அதற்கு முந்தைய வருடம் மூடின இன்னொரு துறையின் ஆசிரியர்களையும் அப்படித்தான் இணைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர்களில் ஒருத்தர் இப்போது குர்லாவில் மொபைல் கவர் விற்கிறார்.

“மாத்திருவாங்க,” என்றேன்.

“அப்ப டென்ஷன் நக்கோ மேடம், கவலைப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டு நோட்டைப் பிரித்தாள். பாவம், அவள் அதை அப்படியே நம்பினாள்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மும்பையில் உள்ள அத்தனை பாலிடெக்னிக்குகளுக்கும் கோச்சிங் வகுப்புகளுக்கும் என் விவரத்தை அனுப்பினேன். இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பார்த்ததுமே பதில் போடுவதில்லை. கல்யாணில் ஒரு கல்லூரி நேரில் கூப்பிட்டது. ஆசையாகப் போனேன். என்னிடம் பேசியவனுக்கு என் முதல் பேட்ச் மாணவர்களைவிட வயது குறைவு. “மேடம், பைத்தான் எடுப்பீங்களா?” என்று இங்கிலீஷில் கேட்டான். அந்தக் கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு எடுப்பேன் என்றேன். அவன் மரியாதையாகச் சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டான். அன்றிலிருந்து போகவர ரயிலில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பைத்தான் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒரு கை கம்பியில், ஒரு கை ஃபோனில். சேம்பூர் வருவதற்குள் பாதி மறந்துவிடும். நாற்பதைத் தாண்டிய மூளையை அதற்குமேல் என்னால் திட்டக்கூட முடியவில்லை.

இதற்கிடையே அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைத்தது. தலோஜாவில் ஒரு ரசாயன ஆலையில் பயிற்சி எஞ்சினியர். அவளுடைய கைவேலையைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, இந்த செமஸ்டரில் எல்லாவற்றிலும் பாஸாகியிருக்க வேண்டும், பாக்கி இருந்தால் வேலை இல்லை. அவள் ஓடி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் கையைப் பிடித்து வாழ்த்தினேன். என் கை சில்லிட்டிருந்ததை அவள் ஏசி என்று நினைத்திருக்கலாம். எங்கள் துறையில் ஏசி ஓடி எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

மறுவாரம் அவள் அம்மா கல்லூரிக்கு வந்தாள். தாராவியில் ரெடிமேட் துணிகளுக்குப் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. விரல் நுனியெல்லாம் கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்திருந்தது. மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“மேடம், நீங்க தாராவிப் பிள்ளதான்னு சொன்னா. அதான் தைரியமா வந்தேன். எழுதுத பரீச்சையெல்லாம் எழுதிருவா. பேசுத பரீச்சைன்னாதான் இவளுக்கு வாய் வராது. வீட்டுல என்ன அருவா மாதிரிப் பேசுதா, அங்க வந்தா ஊமையாயிருதா. நீங்க பக்கத்துல இருப்பியளாம்லா? கொஞ்சம் எடுத்துக் குடுங்க மேடம். அவ அப்பா போனதுலேருந்து எனக்கு இந்த ஒண்ணுதான் நெனப்பு.”

“பாத்துக்கிடுதேன், போங்க,” என்றேன். என் வாயிலிருந்தும் ஊர்த் தமிழ்தான் வந்தது.

எடுத்துக் கொடுப்பது என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஓரலுக்கு வேறு கல்லூரியிலிருந்து ஒரு பரீட்சகர் வருவார், அவர் எக்ஸ்டர்னல். பாடம் நடத்திய ஆசிரியர் அவர் பக்கத்தில் உட்காருவார், அவர் இன்டர்னல். எக்ஸ்டர்னல் கேள்வி கேட்பார். பிள்ளை முழித்தால், இன்டர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே கேள்வியை வேறு மாதிரி, பதில் உள்ளேயே இருக்கும்படி கேட்பார். பிள்ளை அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டு சொல்லிவிடும். எக்ஸ்டர்னல் கண்டும் காணாமல் மார்க் போடுவார். அடுத்த வாரம் அவருடைய கல்லூரிக்கு நாம் எக்ஸ்டர்னலாகப் போகும்போது நாமும் கண்டுகொள்ள மாட்டோம். இது எந்த விதியிலும் இல்லை. ஆனால் நான் பார்த்த எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எழுத்தில் நன்றாகச் செய்து, பேச்சில் பயந்து சாகிற எத்தனையோ பிள்ளைகள் இதனால்தான் கரையேறினார்கள். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. மேடம் பக்கத்தில் உட்கார்ந்தால் பயமில்லை என்று சீனியர்கள் ஜூனியர்களிடம் சொல்லிவைப்பார்கள்.

ஓரலுக்கு முந்தைய நாள் துறைத்தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, மாட்டுங்காவிலேயே கிழவரான மனிதர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. அன்று கதவைச் சாத்தச் சொன்னார்.

“உக்காருங்கோ. நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் கோச்சுக்கோங்கோ,” என்றார். “அவளுக்கு மார்க்கைக் குறைங்கோன்னு நான் சொல்லலை. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். நாளைக்கு நீங்க எதுவும் எடுத்துக் குடுக்காதீங்கோ. அவ்ளோதான். தெரிஞ்சா சொல்லட்டும். தெரியலைன்னா விட்டுடட்டும். பரீட்சைன்னா அதானே?”

எனக்குப் புரிந்தது. ஓரல் போய்விட்டால் இன்னொரு செமஸ்டர். இன்னொரு செமஸ்டர் துறை இருக்கும், நாங்கள் இருப்போம்.

“அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு சார். பாஸாகலைன்னா போயிடும்.”

“தெரியும். அவ சின்னப் பொண்ணு, இன்னொண்ணு கிடைக்கும். நமக்குக் கிடைக்குமா, சொல்லுங்கோ.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “டிசம்பர்ல எனக்கு ரிடையர்மென்ட். அதுவரைக்கும் இருந்தா ரிடையர் ஆனேன்னு சொல்லிப்பேன். இப்பப் போனா துரத்தி விட்டுட்டான்னு பேரு. மாட்டுங்கால எனக்குத் தெரியாதவா யாரு இருக்கா? எல்லாருக்கும் பதில் சொல்லணும். ஆறு மாசம்தான் கேக்கறேன். உங்களுக்கும் அந்த ஆறு மாசம் வேணும். வேண்டாம்னு சொல்லுங்கோ பாப்போம்.”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. “சரி சார்,” என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நேரத்தில் மனசு லேசானது. நான் யாருக்கும் ஒன்றும் செய்யப் போவதில்லை, வாயை மூடிக்கொண்டு உட்காரப் போகிறேன், அதற்கு ஆறு மாதம் கிடைக்கிறது. இவ்வளவு சுலபமான வேலை எனக்கு அந்தக் கல்லூரியில் கிடைத்ததே இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளையின் அம்மா வந்ததையும் சொன்னேன். அவர் ஏதாவது மறுத்துச் சொல்வார், அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது எனக்கு.

“சும்மா இருன்னுதான சொல்லுதாரு,” என்றார் அவர். “சும்மா இருக்கதுல என்ன தப்பு? ஆறு மாசத்துல எனக்கும் ஏதாவது அமையும்.”

“இத்தனை வருஷமா அமையாதது ஆறு மாசத்துல அமைஞ்சிருமாக்கும்,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் அடுப்பைக் குறைத்தார். பிள்ளைகள் டிவி சத்தத்தை ஏற்றினார்கள். அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டோம், யார் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் எக்ஸ்டர்னல் பன்வேல் பக்கத்திலிருந்து வந்தார். வழக்கப்படி அவருக்கு இட்லி, வடை, காபி வரவழைத்திருந்தோம். ஒரு பிள்ளைக்குப் பரீட்சை, நாலு பேருக்கு டிபன். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, “ஒரே ஒரு ஸ்டூடண்டுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று கேட்டார். துறைத்தலைவர் எப்போதும் இல்லாத கலகலப்போடு, “ஆமாம் சார், ஆனா கிளாஸ் ஃபுல்,” என்றார். எல்லோரும் சிரித்தோம். துறைத்தலைவர் தானும் கூட இருக்கப் போவதாகச் சொல்லி என் இடது பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். எனக்குக் காவல் என்று புரிந்தது.

அவள் வந்து உட்கார்ந்தாள். தலையைப் படிய வாரி, நெற்றியில் விபூதி வைத்திருந்தாள். அம்மா வைத்து அனுப்பியிருப்பாள். முதல் இரண்டு கேள்விகளுக்குத் திக்கித் திணறிப் பதில் சொன்னாள், நான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதுக்கு எக்ஸ்டர்னல் தெர்மோகப்புளைப் பற்றிக் கேட்டார். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. இரண்டு விதமான கம்பிகளை ஒரு முனையில் ஒட்டி அந்த முனையைச் சூடு இருக்கும் இடத்தில் வைத்தால், மறுமுனையில் துளியூண்டு மின்சாரம் வரும், அதை வைத்துச் சூட்டை அளப்பது. மறுமுனை இருக்கிற அறையே சூடாகிவிட்டால் அளவு தப்பாகுமே, அதற்கு என்ன செய்வாய் என்று கேட்டார்.

அவள் உறைந்துபோனாள். அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று. லேபில் அதை அவளேதான் செய்தாள். கேட்டுக்கு வெளியே ஐஸ் உருண்டை விற்கும் பர்ஃப் கோலா வண்டிக்காரனிடம் ஐஸ் வாங்கி வந்து, என் டிபன் டப்பாவில் உடைத்துப் போட்டு, மறுமுனையை அந்த ஐஸ் தண்ணீரில் வைத்தாள். அங்கே எப்போதும் பூஜ்யம் டிகிரி, அறை எப்படி இருந்தாலும் கவலை இல்லை. அன்றைக்கு அளவு சரியாக வந்ததும் டப்பாவிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். இப்போது அதே பிள்ளை மேஜையைப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய, சத்தம் வராமல் உட்கார்ந்திருந்தாள்.

எக்ஸ்டர்னல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். வழக்கமாக நடப்பதை அவர் எதிர்பார்த்தார், அவருக்கும் பன்வேல் போய்ச் சேர வேண்டும். நான் ஃபேனைப் பார்த்தேன். அதன் ஒரு இறக்கை வளைந்திருந்தது. இத்தனை வருடம் கவனித்ததில்லை. என் பிள்ளைகளை நினைத்தேன். குர்லாவில் மொபைல் கவர் விற்கிறவரை நினைத்தேன். துறைத்தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். வாயை இறுக்கிக்கொண்டேன். பல் வலித்தது.

அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் நான் தாக்குப்பிடித்திருப்பேன். கெஞ்சவே இல்லை. எப்படியும் பஸ் வந்துவிடும் என்று ஸ்டாப்பில் நிற்பவளைப் போலப் பார்த்தாள். நான் கேட்பேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“நம்ம லேப்ல அந்த முனையை ஐஸ் தண்ணிக்குள்ள வைப்போமே,” என்று என் குரல் இங்கிலீஷில் கேட்டது. “எதுக்காக வைப்போம்?”

பேனா மூடி சத்தம் நின்றது.

அவள் முகம் மாறியது. மடமடவென்று சொல்ல ஆரம்பித்தாள், ஐஸ், பூஜ்யம் டிகிரி, அறைச் சூடு, ஆலைகளில் ஐஸுக்குப் பதில் வேறு ஏற்பாடு இருப்பது வரைக்கும். எக்ஸ்டர்னல் போதும் போதும் என்று கையைக் காட்டி, தாராளமாக மார்க் போட்டுக் கையெழுத்திட்டார். மிச்சம் இருந்த ஒரு வடையையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

நான் நல்லவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யோசித்து, நியாயம் இது என்று முடிவெடுத்து நான் பேசவில்லை. பேச மாட்டேன் என்றுதான் முடிவெடுத்திருந்தேன். எத்தனையோ வருடமாக, ஒரு பிள்ளை முழித்தால் என் வாய் திறந்து திறந்து பழகிவிட்டது. அது என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. ரயிலில் போகும்போது என் வாயையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. என் இரண்டு பிள்ளைகளின் சோற்றை ஒரு வாக்கியத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

துறைத்தலைவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே அறையில் இருப்போம், நான் வணக்கம் சொல்வேன், அவர் ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள் மராட்டிக்காரரிடம் சொல்லி, என் மேஜைமேல் இருந்த துறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டது ஆறு மாதம், நான் சரி என்று சொல்லிவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டேன். இன்றைக்கும் மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்க நேர்ந்தால், அவர் எதிரே வந்துவிடக் கூடாது என்று வேகமாக நடக்கிறேன்.

வீட்டிலும் சொன்னேன். கணவர், “சரி, விடு,” என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, “நம்ம புள்ளையளுக்கு இப்படி ஒருத்தி எடுத்துக் குடுப்பாளா?” என்று கேட்டார். குத்திக்காட்டினாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு எழுத்துத் தேர்வுகள் இருந்தன. அதுவும் முடிந்து ரிசல்ட் வரும்வரை எனக்குள் ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கணக்கில் தடுமாறுகிறவள். ஒரு பேப்பர், ஒரே ஒரு பேப்பர் போகட்டும். நான் கெடுத்தேன் என்று இருக்கக் கூடாது, தானாகப் போகட்டும். தாராவிக்கு என் அம்மாவைப் பார்க்கப் போனபோது பிள்ளையார் கோயிலில் போய் நின்றேன். கை கூப்பின பிறகு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவள் ஃபெயிலாக வேண்டும் என்று சாமியிடம் கேட்க நாக்கு வரவில்லை, பாஸாக வேண்டும் என்று கேட்கவும் வரவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரிசல்ட் வந்தபோது நான் வீட்டில் வெங்காயம் கூட நறுக்கவில்லை, சாக்குச் சொல்ல. சும்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஃபோனில் அவள் பெயர் வந்ததுமே தெரிந்துவிட்டது. ஃபெயிலான பிள்ளைகள் டீச்சருக்கு உடனே ஃபோன் செய்ய மாட்டார்கள்.

“மேடம், ஆல் கிளியர். கணக்கும் கிளியர். மேடம், சுனாயி தே ரஹா ஹை, கேக்குதா? ஆல் கிளியர் மேடம்.”

சந்தோஷம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா செத்தாலும் அப்படி அழுவேனா தெரியாது, விக்கி விக்கி, மூக்கு ஒழுக, ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றாமல் அழுதேன். என் கணவர் உள்ளேயிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், அழாதீங்க, ப்ளீஸ். நீங்க அழுதா எனக்கும் அழுகை வருது,” என்றாள் அவள். பிறகு அந்தப் பக்கம் ஃபோன் கை மாறியது.

“மேடம்,” என்றாள் அவள் அம்மா. “பெத்தவ நான் இங்க சிரிச்சிக்கிட்டு நிக்கேன். நீங்க இந்த அழுகை அழுதியளே மேடம். எம்புள்ளைக்காக அழ இந்த பம்பாயில ஒரு ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. நீங்க இருக்க திசையைப் பாத்து இங்கேருந்தே கும்பிடுதேன் மேடம்.”

“கும்பிடாதீங்கம்மா,” என்றேன், அழுகைக்கு நடுவே, நிஜமாகவே கெஞ்சினேன். “ஐயோ, என்னைக் கும்பிடாதீங்க.”

“பாத்தியாட்டி,” என்று அந்த அம்மா மகளிடம் சொல்வது எனக்குக் கேட்டது, “எவ்வளவு பெரிய மனசு.”